பொட்டலத்துக்குள் இருப்பது யார்?

சம்பா நடவு நேரத்தில் திருமானூர் பக்கம் எந்த விவசாயியிடம் கேட்டாலும் 'அசோஸ்பைரில்லம்' என்ற பெயர் தெரிந்திருக்கும். 200 கிராம் பொட்டலமாகக் கிடைக்கும் உயிர் உரம் அது. பார்த்தால் வெறும் கறுப்புத் தூள். தண்ணீரில் கரைத்து நாற்றின் வேரை நனைத்து நடுவார்கள். இல்லையென்றால் தொழு உரத்தோடு கலந்து வயலில் தூவுவார்கள். காற்றில் இருக்கும் நைட்ரஜனைப் பிடித்துப் பயிருக்குத் தழைச்சத்தாகக் கொடுக்கிற பாக்டீரியா அந்தத் தூளுக்குள் கோடிக்கணக்கில் இருக்கிறது.

சரி... அந்தப் பொட்டலத்துக்குள் இருப்பது அசோஸ்பைரில்லம் தான் என்று எப்படித் தெரியும்?

இது யாரையும் குறை சொல்லக் கேட்கும் கேள்வி அல்ல. யூரியா மூட்டையில் சந்தேகம் வந்தால் ஆய்வகத்தில் நைட்ரஜன் சதவீதத்தை அளந்து பார்த்துவிடலாம். விதை நெல்லில் சந்தேகம் வந்தால் முளைக்க வைத்துப் பார்க்கலாம், கண்ணாலேயே பார்த்து ரகம் சொல்லும் பெரியவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஆனால் பாக்டீரியாவைப் பார்த்துப் பெயர் சொல்ல யாராலும் முடியாது. நுண்ணோக்கியில் வைத்தாலும் அது ஒரு குச்சி, அல்லது ஒரு உருண்டை, அல்லது ஒரு சுருள். ஆயிரக்கணக்கான இனங்கள், மூன்று நான்கு வடிவங்கள். அவ்வளவுதான்!

இதற்கு ஒரு வழி இருக்கிறது. அந்த பாக்டீரியாவின் ஒரே ஒரு மரபணுவை எழுத்து எழுத்தாகப் படித்துப் பார்ப்பது. இது பெரிய நாடுகளின் பெரிய ஆய்வகங்களுக்கு மட்டும் உரிய வேலை என்ற எண்ணம் இன்னும் பலரிடம் இருக்கிறது. அது பழைய எண்ணம். இன்றைக்கு ஒரு மாவட்டத்துக் கல்லூரியால் செய்ய முடிகிற வேலை இது. அப்படியிருந்தும் ஏன் நடக்கவில்லை என்பதைத்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

பழைய முறை என்ன?

1884ல் டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் என்ற மருத்துவர் ஒரு சாய முறையைக் கண்டுபிடித்தார். ஊதா நிறத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் பாக்டீரியாக்கள் ஒரு கட்சி, விட்டுவிடும் பாக்டீரியாக்கள் இன்னொரு கட்சி. கிராம் பாசிடிவ், கிராம் நெகடிவ் என்று இன்றும் எல்லா மருத்துவமனை ஆய்வகங்களிலும் இதுதான் முதல் சோதனை.

அதற்குப் பிறகு குணத்தை வைத்துக் கண்டுபிடிப்பார்கள். இந்தச் சர்க்கரையைச் சாப்பிடுகிறதா, அமிலம் வெளிவிடுகிறதா, வாயு வருகிறதா, உப்பில் வளர்கிறதா என்று வரிசையாகக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குழாய், ஒரு நாள் காத்திருப்பு. உயிர் உரத்துக்கும் இதே மாதிரிதான். உயிர் உரங்கள் 2006ல் உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் கொண்டுவரப்பட்டன. தூளாக இருந்தால் கிராமுக்குக் குறைந்தது 5 கோடி உயிருள்ள செல்கள், திரவமாக இருந்தால் மில்லிக்கு 10 கோடி செல்கள் இருக்க வேண்டும் என்பது அதில் உள்ள விதி. அசோஸ்பைரில்லத்துக்கு ஒரு குணச் சோதனையும் உண்டு. நைட்ரஜன் இல்லாத, பாதி உறைந்த கூழில் வளர்த்தால் வெண்மையான ஒரு படலம் உருவாக வேண்டும்.

நல்ல சோதனை தான். ஆனால் காற்றிலிருந்து நைட்ரஜன் பிடிக்கும் வேறு சில பாக்டீரியாக்களும் அதே கூழில் அதே மாதிரிப் படலம் கட்டும். ஆக, "அசோஸ்பைரில்லம் மாதிரி நடந்துகொள்கிறது" என்று சொல்லலாம். "அசோஸ்பைரில்லமே தான்" என்று அடித்துச் சொல்ல முடியாது.

1,500 எழுத்து அடையாள அட்டை

1977ஆம் ஆண்டு இந்த விஷயத்தில் ஒரு திருப்புமுனை. அந்த ஆண்டில் இரண்டு காரியங்கள் நடந்தன. இங்கிலாந்தில் ஃபிரடெரிக் சேங்கர் டி.என்.ஏ.வை எழுத்து எழுத்தாகப் படிக்கும் முறையை வெளியிட்டார் (அதற்காக 1980ல் அவருக்கு இரண்டாவது நோபல் பரிசு கிடைத்தது). அமெரிக்காவில் கார்ல் வோஸ், பாக்டீரியாக்களின் உறவுமுறையைக் கண்டுபிடிக்க ரைபோசோமின் ஒரு பகுதியைப் பயன்படுத்தலாம் என்று காட்டினார். பாக்டீரியா என்று அதுவரை நினைத்திருந்த சில உயிர்கள் பாக்டீரியாவே இல்லை, ஆர்க்கியா என்ற தனி வம்சம் என்பதும் அப்படித்தான் தெரிய வந்தது.

அந்தப் பகுதிக்குப் பெயர் 16எஸ். எல்லா பாக்டீரியாவுக்கும் புரதம் தயாரிக்கும் ரைபோசோம் வேண்டும். ரைபோசோம் இருந்தால் 16எஸ் இருக்கும், அதை எழுதிவைத்திருக்கும் மரபணுவும் இருக்கும். அதன் நீளம் சுமார் 1,500 எழுத்துகள். ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்துகள் தான் மாறி மாறி வரும். இதில் சில இடங்கள் எல்லா பாக்டீரியாவிலும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். சில இடங்கள் இனத்துக்கு இனம் மாறும்.

இந்த இரண்டு குணமும் சேர்ந்திருப்பது தான் இதன் அழகு. மாறாத இடங்களைக் கைப்பிடியாக வைத்துக்கொண்டு, எந்த பாக்டீரியாவாக இருந்தாலும் மரபணுவைப் பிடித்து எடுத்துவிடலாம். மாறும் இடங்களைப் படித்து அது யார் என்று சொல்லிவிடலாம். ரேஷன் கார்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்டையின் அமைப்பு எல்லோருக்கும் ஒன்றுதான். உள்ளே இருக்கும் பெயரும் முகவரியும் தான் வேறு.

வேலை எப்படி நடக்கிறது?

முதலில் தூளில் ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீரில் பலமுறை நீர்த்து, தட்டில் வளர்க்க வேண்டும். தனித்தனிப் புள்ளிகளாக வளரும். ஒரு புள்ளி என்பது ஒரே பாக்டீரியாவின் வாரிசுகள். அதில் ஊசிமுனை அளவு எடுத்துத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்தாலே பல பாக்டீரியாக்களின் செல் உடைந்து டி.என்.ஏ. வெளியே வந்துவிடும். இதற்கு விலை உயர்ந்த கிட் கட்டாயம் இல்லை. (சில தடித்தோல் பாக்டீரியாக்களுக்கு மட்டும் இது போதாது.)

அடுத்தது பி.சி.ஆர். கொரோனா காலத்தில் எல்லோர் வாயிலும் புழங்கிய அதே வார்த்தை. 1983ல் கேரி முல்லிஸ் கண்டுபிடித்து 1993ல் நோபல் பரிசு வாங்கிய முறை. ஒரு டி.என்.ஏ. துண்டைச் சூடாக்கி, ஆற்றி, மறுபடி சூடாக்கி நகல் எடுத்துக்கொண்டே போவது. ஒரு சுற்றுக்கு இரண்டு மடங்கு. வணிகவியல் படிப்பவர்களுக்குப் புரியும்படி சொன்னால், 100 சதவீதக் கூட்டு வட்டி! 30 சுற்று முடிந்தால் கணக்குப்படி ஒன்று 107 கோடியைத் தாண்டிவிடும். இந்த நகலெடுக்கும் வேலையைச் செய்யும் நொதியே ஒரு பாக்டீரியாவிடமிருந்து வந்தது தான். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் 1960களில் தாமஸ் பிராக் கண்டெடுத்த தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்ற பாக்டீரியா அது. கொதிக்கும் சூட்டிலும் அதன் நொதி கெடுவதில்லை.

நகல் எடுக்க 27எஃப், 1492ஆர் என்ற இரண்டு சிறிய டி.என்.ஏ. துண்டுகள் தான் பெரும்பாலும் பயன்படும். இவை தான் முன்னால் சொன்ன கைப்பிடிகள். ஒருமுறை வரவழைத்தால் பல நூறு சோதனைகளுக்கு வரும்.

மூன்றாவது, எழுத்துகளைப் படிப்பது. சேங்கர் முறையில் ஒரு தடவைக்கு 700, 800 எழுத்துகள் வரை நன்றாகப் படிக்க முடியும். ஆகவே இந்தப் பக்கமிருந்து ஒரு முறை, அந்தப் பக்கமிருந்து ஒரு முறை என்று இரண்டு தடவை படித்தால் 1,500ம் வந்துவிடும். இதற்கான பெரிய இயந்திரத்தை வாங்க வேண்டியதே இல்லை. குழாயைத் தபாலில் அனுப்பினால் படித்துக் கொடுக்கும் நிறுவனங்கள் இந்தியாவிலேயே இருக்கின்றன. ஒரு தடவை படிக்க சில நூறு ரூபாய் தான் கட்டணம்.

கடைசி வேலைக்குக் காசே கிடையாது. கிடைத்த எழுத்துகளை அமெரிக்க அரசின் ஜென்பேங்க் தரவுத்தளத்தில் 'பிளாஸ்ட்' என்ற நிரலைக் கொண்டு ஒப்பிட வேண்டும். 1990ல் வந்த இந்த நிரல், உலகத்தில் இதுவரை படித்துச் சேர்த்துவைத்த வரிசைகளோடு ஒப்பிட்டு, எதோடு எத்தனை சதவீதம் பொருந்துகிறது என்று நிமிடங்களில் சொல்லிவிடும். பொருத்தம் சுமார் 98.7 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அது வேறு இனமாக இருக்கலாம் என்பது இன்று பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. அதாவது 1,500 எழுத்தில் 20 எழுத்து மாறினாலே "கவனி" என்று அர்த்தம்.

கொள்ளிடம் கடலில் சேரும் இடத்தில்...

இதெல்லாம் எங்கோ நடக்கும் சமாச்சாரம் என்று நினைத்தால் அது தவறு. திருமானூரை ஒட்டி ஓடும் அதே கொள்ளிடம் கிழக்கே போய்க் கடலைத் தொடும் இடத்துக்கும் வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் இடையே தான் பிச்சாவரம் சதுப்பு நிலக் காடு இருக்கிறது. அங்கே உப்புத் தண்ணீரில் ஒரு காட்டு நெல் வளர்கிறது. போர்டிரேசியா கோர்க்டேட்டா என்பது அதன் அறிவியல் பெயர். சாதாரண நெல் கருகிப் போகும் உப்பில் இது எப்படி வளர்கிறது?

சென்னையில் உள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த பி. லோகநாதனும் சுதா நாயரும் அந்த நெல்லோடு சேர்ந்து வாழும் பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்தார்கள். அதில் ஒன்று நைட்ரஜனைப் பிடித்தது, மண்ணில் கரையாமல் கிடக்கும் பாஸ்பேட்டைக் கரைத்தது, உப்பையும் தாங்கியது. அதன் 16எஸ் வரிசையைப் படித்து, கூடவே வேறு சோதனைகளையும் செய்து பார்த்தபோது, அதுவரை பெயரிடப்பட்ட எந்தப் பேரினத்திலும் அதைச் சேர்க்க முடியவில்லை. 2004ல் 'சுவாமிநாதானியா சாலிடாலரன்ஸ்' என்று புதுப் பேரினமாகவே அறிவித்தார்கள். கும்பகோணத்தில் பிறந்த வேளாண் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதனின் பெயர், கொள்ளிடக் கழிமுகத்து பாக்டீரியாவுக்கு!

இன்னும் இரண்டு பெயர்களும் தெரிந்திருக்க வேண்டும். நாசாவில் பணியாற்றிய கஸ்தூரி வெங்கடேஸ்வரன், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். அவரது குழு சர்வதேச விண்வெளி நிலையத்தின் காற்று வடிகட்டியில் கண்டெடுத்த பாக்டீரியாவுக்கு 2017ல் அப்துல் கலாம் நினைவாக 'சோலிபேசில்லஸ் கலாமி' என்று பெயர் வைத்தது. 2021ல் அதே நிலையத்தில் கிடைத்த இன்னொன்றுக்கு, பல்லுயிர் ஆய்வாளர் அஜ்மல் கான் நினைவாக 'மெத்திலோபாக்டீரியம் அஜ்மாலி' என்று பெயர் வந்தது.

இந்த மெத்திலோபாக்டீரியம் என்ற பேரினம் விவசாயிக்குப் புதிதல்ல. தண்ணீர் தட்டுப்பாட்டைத் தாங்கப் பயிரின் இலையில் தெளிக்கச் சொல்லித் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் பி.பி.எஃப்.எம். என்ற இளஞ்சிவப்புத் திரவத்தில் இருப்பது இந்தக் குடும்பம் தான். விண்வெளி நிலையத்தில் இருப்பதன் சொந்தக்காரர் திருமானூர் வயலில்! விண்வெளியில் இருப்பதன் அடையாளத்தை ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தார்கள். வயலில் தெளிப்பதற்கும் அந்த மரியாதை கிடைக்க வேண்டாமா?

செலவுக் கணக்கு

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். எவ்வளவு ஆகும்?

செலவை இரண்டாகப் பிரிக்க வேண்டும். பி.சி.ஆர். இயந்திரம், மையவிலக்குக் கருவி, ஜெல் ஓட்டும் கருவி, குளிர்பதனப் பெட்டி... இவை நிலையான செலவு. நொதி, பிளாஸ்டிக் குழாய், ஊடகம், படிக்கும் கட்டணம், தபால்... இவை மாதிரிக்கு மாதிரி ஆகும் மாறும் செலவு.

ஒரு பேச்சுக்கு இப்படி வைத்துக்கொள்வோம் (இவை கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண்கள், விலைப் பட்டியல் அல்ல). கருவிகள் 5 லட்சம், ஆயுள் 5 வருடம். வருடத்துக்கு 1 லட்சம் தேய்மானம். ஒரு மாதிரிக்கு மாறும் செலவு 1,500 ரூபாய். வருடத்துக்கு 50 மாதிரி மட்டும் பார்த்தால், தேய்மானப் பங்கு 2,000 சேர்ந்து ஒரு மாதிரிக்கு 3,500 ரூபாய். 500 மாதிரி பார்த்தால் தேய்மானப் பங்கு 200 தான், மொத்தம் 1,700 ரூபாய். அதே இயந்திரம், அதே ஆள், பாதிக்கும் குறைவான செலவு!

இன்னொரு கோணம். எல்லா வேலையையும் வெளியே கொடுத்தால் மாதிரிக்கு 2,500 ரூபாய் என்று வைப்போம். சொந்தமாகச் செய்தால் மாதிரிக்கு 1,000 ரூபாய் மிச்சம். வருடத்துக்கு 1 லட்சம் தேய்மானத்தை எடுக்க 100 மாதிரி வேண்டும். அதற்குக் குறைவாக வேலை இருக்கும் கல்லூரி இயந்திரமே வாங்கக் கூடாது, தட்டை அனுப்பிவிட்டுச் சும்மா இருப்பது தான் லாபம். அதற்கு மேல் இருந்தால் வாங்கலாம். 'செய்வதா வாங்குவதா' என்று செலவுக் கணக்கியல் பாடத்தில் வரும் அதே கேள்வி தான் இது.

இந்தக் கணக்கு ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்கிறது. பணம் இல்லை என்பதை விட, இருக்கும் பணம் சிதறிப் போவது தான் சிக்கல். நான்கு கல்லூரிகள் ஆளுக்கொரு இயந்திரம் வாங்கி ஆளுக்கு 50 மாதிரி பார்ப்பதை விட, நான்கும் சேர்ந்து ஒன்று வாங்கி 200 மாதிரி பார்த்தால் ஒரு மாதிரிக்கு 3,500 என்பது 2,000 ஆகிவிடும். இயந்திரம் துணி போர்த்தி மூலையில் நிற்கும் நாட்களும் குறையும்.

புதிய தொழில்நுட்பமும் இதையே தான் சொல்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு நானோபோர் நிறுவனத்தின் மினயான் என்ற உள்ளங்கை அளவுக் கருவி 2014ல் ஆய்வாளர்கள் கைக்கு வந்தது. 2015ல் கினி நாட்டில் எபோலா பரவியபோது சாமான்களைப் பெட்டியில் கட்டி எடுத்துப்போய் அங்கேயே வைரஸின் மரபணுவைப் படித்தார்கள். 2016ல் கேட் ரூபின்ஸ் என்ற விண்வெளி வீராங்கனை விண்வெளி நிலையத்திலேயே இதைக் கொண்டு டி.என்.ஏ. படித்தார். கருவி வந்த புதிதில் அதன் தொடக்க விலை 1,000 டாலராகத்தான் இருந்தது. ஆனால் அதில் போடும் செல்லுக்கு ஒவ்வொரு முறையும் செலவு செய்ய வேண்டும். பிரிண்டர் மலிவு, மை விலை அதிகம் என்கிற கதை! ஒரு மாதிரிக்காக ஒரு செல்லைச் செலவழித்தால் கட்டுப்படியாகாது. ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு அடையாளக் குறி ஒட்டி 96 மாதிரிகளை ஒன்றாகச் சேர்த்துப் படித்தால் கட்டுப்படியாகும். ஷேர் ஆட்டோ தத்துவம் தான். ஆள் சேர்ந்தால் கட்டணம் குறையும்.

எதற்கெல்லாம் பயன்படும்?

உயிர் உரம் ஒன்று. நெற்பயிரின் குலை நோய்க்குத் தெளிக்கும் சூடோமோனாஸ் தூளும் அப்படியே. ஏரித் தண்ணீர் இன்னொன்று. திருமானூர் ஒன்றியத்தில் உள்ள கரைவெட்டி பறவைகள் சரணாலயம் 2024ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. வெளிநாட்டிலிருந்து பறவைகள் வந்து தங்கும் அந்த ஏரியின் நீரில் எந்தெந்த பாக்டீரியா இருக்கிறது, பருவத்துக்குப் பருவம் எப்படி மாறுகிறது என்று கல்லூரி மாணவர்களே வருடா வருடம் பதிவு செய்யலாம்.

எல்லாவற்றையும் விடப் பெரியது உயிர். நெல் வயல் சேற்றில் வாழும் பர்கோல்டேரியா சூடோமல்லி என்ற பாக்டீரியா மெலியாய்டோசிஸ் என்ற நோயைத் தரும். காலில் உள்ள புண் வழியாகவோ மூச்சு வழியாகவோ உள்ளே போகும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம். நெல் விவசாயமும் சர்க்கரை நோயும் ஒன்றாக இருக்கும் ஊர்களுக்கு இது அந்நியமான நோய் அல்ல. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 1990களிலிருந்தே இதைப் பற்றி எழுதிவருகிறார்கள். சிக்கல் என்னவென்றால், சாதாரண ஆய்வகத்தில் இதைச் சூடோமோனாஸ் என்று தவறாக எண்ணிவிட வாய்ப்பு உண்டு. காசநோய் மாதிரியும் தோற்றம் காட்டும். வழக்கமாகக் கொடுக்கும் பல ஆன்டிபயாடிக்குகள் இதற்குக் கேட்காது. செஃப்டாசிடைம், மெரோபெனம் போன்ற மருந்துகளை வாரக்கணக்கில் ஊசியாகவும், பிறகு மாதக்கணக்கில் வேறு மாத்திரையும் கொடுக்க வேண்டும். இங்கே பெயர் மாறினால் மருந்து மாறும். மருந்து மாறினால் ஆள் பிழைப்பார். பாக்டீரியாவுக்குப் பெயர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு உதாரணமே போதும்.

ஆனால் ஒன்று. நோயாளியின் மாதிரியைக் கல்லூரி ஆய்வகத்தில் வளர்க்கவே கூடாது. அதற்குத் தனிப் பாதுகாப்பு வசதி வேண்டும். அது மருத்துவக் கல்லூரியின் வேலை. அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022ல் திறக்கப்பட்டுவிட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

மறுபக்கமும் உண்டு

16எஸ் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் புழுவைக் கொல்லும் உயிரிப் பூச்சிக்கொல்லி. பேசில்லஸ் சீரியஸ் சோற்றைக் கெடுத்து வாந்தி எடுக்க வைக்கும். பேசில்லஸ் ஆந்த்ராசிஸ் அடைப்பான் நோயைத் தரும். இந்த மூன்றின் 16எஸ் வரிசையும் கிட்டத்தட்ட ஒன்றே! ஈ.கோலையும் ஷிகெல்லாவும் அப்படித்தான். மேலே சொன்ன பர்கோல்டேரியாவும் தன் நெருங்கிய உறவுக்காரர்களிடமிருந்து 16எஸ் மட்டும் கொண்டு எளிதில் பிரியாது. இது போன்ற இடங்களில் ஜைர்பி, ஆர்பிஓபி போன்ற வேறு மரபணுக்களையோ, அந்த இனத்துக்கென்றே உள்ள தனி பி.சி.ஆர். சோதனையையோ நாட வேண்டும்.

இரண்டாவது, 16எஸ் "யார்" என்று சொல்லும், "எத்தனை பேர், உயிரோடு இருக்கிறார்களா" என்று சொல்லாது. வெயிலில் கிடந்து செத்துப்போன அசோஸ்பைரில்லத்தின் டி.என்.ஏ.வும் அசோஸ்பைரில்லம் என்று தான் காட்டும். அதனால் தட்டில் வளர்த்து எண்ணும் பழைய சோதனையைக் கைவிட முடியாது. பழையதும் புதியதும் சேர்ந்தால் தான் முழு விடை.

மூன்றாவது, கவனக் குறைவு. நொதியிலும் தண்ணீரிலும் கூட வேறு பாக்டீரியாவின் டி.என்.ஏ. ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு முறையும் மாதிரியே போடாத ஒரு வெறும் குழாயையும் சேர்த்து ஓட்ட வேண்டும். அதிலும் பட்டை தெரிந்தால் அன்றைய வேலை முழுவதும் குப்பை. பணத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று இந்த வெறும் குழாயை விட்டுவிடுவது தான் மிகப் பெரிய நட்டம். தணிக்கை இல்லாத கணக்குப் புத்தகத்தை யார் நம்புவார்கள்? தரவுத்தளத்திலும் தப்பான பெயரோடு ஏற்றப்பட்ட வரிசைகள் உண்டு. முதலில் வரும் பெயரை அப்படியே எழுதிக்கொள்ளாமல், அந்த இனத்தின் மூல மாதிரியோடு ஒப்பிட வேண்டும்.

என்ன செய்யலாம்?

ஒவ்வொரு ஊருக்கும் ஒரு மரபணு ஆய்வகம் கேட்பது நியாயமில்லை, தேவையும் இல்லை. மாவட்டத்துக்கு ஒரு பொது மேசை போதும். அரியலூர், பெரம்பலூர் இரண்டு மாவட்டமும் சேர்ந்து ஒன்று வைத்தாலும் தவறில்லை. ஒரு பி.சி.ஆர். இயந்திரம், பயிற்சி பெற்ற இரண்டு பேர், மாதத்தில் குறிப்பிட்ட நாளில் எல்லா மாதிரிகளையும் சேர்த்து அனுப்பும் ஏற்பாடு. கல்லூரிகள் தங்கள் செய்முறை மாதிரியை அனுப்பட்டும். விவசாயிகள் சங்கம் பொட்டலத்தை அனுப்பட்டும். மீன் வளர்ப்பவர் குட்டைத் தண்ணீரை அனுப்பட்டும். கட்டணம் வெளிப்படையாகச் சுவரில் எழுதியிருக்கட்டும். முடிவுகள் எல்லோரும் பார்க்கும்படி இருக்கட்டும். புதிதாக ஏதாவது கிடைத்தால் சண்டிகரில் உள்ள எம்.டி.சி.சி. போன்ற சேமிப்பகத்தில் கொடுத்து வைக்கலாம்.

இதற்கு ஆள் எங்கே என்று கேட்கலாம். கொரோனாவின்போது பி.சி.ஆர். கற்றுக்கொண்ட ஆய்வக உதவியாளர்கள் தமிழ்நாடு முழுக்க இருக்கிறார்கள். நுண்ணுயிரியல், உயிர்த் தொழில்நுட்பம் படித்துவிட்டு வேறு வேலைக்குப் போகும் இளைஞர்கள் ஒவ்வொரு ஒன்றியத்திலும் இருக்கிறார்கள். பி.சி.ஆர். என்பதைப் புத்தகத்தில் படமாக மட்டும் பார்த்துப் பட்டம் வாங்கியவர்களும் அதில் உண்டு. ஊர் ஏரித் தண்ணீரிலிருந்து தானே பிரித்தெடுத்த ஒரு பாக்டீரியாவுக்குத் தானே பெயர் கண்டுபிடித்த மாணவிக்கு, அந்தப் பாடம் ஆயுசுக்கும் மறக்காது.

ஒரு ஏக்கருக்கு உயிர் உரம் வாங்கும் விவசாயி கொடுப்பது சிறிய தொகை தான். அதனால் தான் யாரும் பெரிதாகக் கேள்வி கேட்பதில்லை. ஆனால் அந்தத் தூள் வேலை செய்யாவிட்டால் அவர் இழப்பது அந்தச் சிறிய தொகையை அல்ல. "உயிர் உரம் எல்லாம் சும்மா" என்று முடிவு கட்டி அடுத்த பருவத்தில் இன்னொரு மூட்டை யூரியா சேர்த்துப் போடுவார். உண்மையில் தோற்றது அசோஸ்பைரில்லமா, அந்தப் பொட்டலமா என்று அவருக்குத் தெரியவே தெரியாது. தெரிந்துகொள்ளும் உரிமை அவருக்கு உண்டு. அதற்கான வழியும் இன்று ஓராயிரம் ஈராயிரம் ரூபாய்க்குள் வந்துவிட்டது.

பாக்கி இருப்பது நான்கு கல்லூரி முதல்வர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசுவது மட்டும் தான். அதற்கு எந்த இயந்திரமும் தேவையில்லையே!